அழுக்கு ஸ்பாஞ்ச்

புதிதாக மீன் தொட்டி வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "மீன் எப்ப விடலாம்?" கடைக்காரர் சொல்லும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். "தண்ணி ஊத்தி ரெண்டு நாள் மோட்டார் ஓட விடுங்க சார், அப்புறம் விட்டுக்கலாம்." அந்த இரண்டு நாளில் தண்ணீருக்கு என்ன ஆகிறது என்று கேட்டால் "செட் ஆகும்" என்பார். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் கொஞ்சம் பறந்து போகும், அவ்வளவுதான். வெறும் தண்ணீர் எத்தனை நாள் ஓடினாலும் வெறும் தண்ணீர்தான். அந்தப் பதிலை நம்பித்தான் சென்னையில் முக்கால்வாசித் தங்கமீன்கள் செத்துப்போகின்றன என்பது என் கட்சி.

எங்கள் தலைமுறைக்கு மீன் என்றால் மூர் மார்க்கெட். 1985-ல் எரிந்து போகிற வரைக்கும் புறா, முயல், கிளி, மீன் எல்லாவற்றுக்கும் அங்கேதான் போகவேண்டும். அப்பா சைக்கிளில் முன்கம்பியில் உட்கார வைத்துக் கூட்டிப்போவார். திரும்பும்போது என் கையில் ஒரு பாலிதீன் பை, அதில் ஒரு ஜோடித் தங்கமீன். வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில் கழுவித் தயாராக இருக்கும். ஒரு வாரம் தாண்டினால் அதிகம். அப்பா வெயில் என்பார். அம்மா, எதிர்வீட்டுப் பாட்டி பார்த்த பார்வை என்பாள். சாவதற்கு முன்னால் அவை மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும், செவுள் ரத்தமாய்ச் சிவந்திருக்கும். அது அம்மோனியா செய்யும் வேலை என்று எனக்குத் தெரியவந்தபோது கல்லூரியே முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் நிறையத் தொட்டிகள் வைத்தேன், நன்றாகவே வைத்தேன். வீடு மாறியபோது எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுச் சில வருஷம் சும்மா இருந்தேன். கண்ணாடித் தொட்டி ஒன்றை மறுபடி வாங்கி ஹாலில் வைத்த சமயத்தில்தான் மேல் வீட்டு மீன்கள் என்னிடம் வந்து சேர்ந்தன.

மேல் வீட்டுக்காரர் வங்கி ஊழியர். மே மாதக் கடைசியில் நாக்பூருக்கு மாற்றல் வந்துவிட்டது. அவர்கள் வீட்டு மீன்கள் வாஸ்து மீன்கள். யாரோ சொல்லி, எட்டு சிவப்பு ஒரு கறுப்பு என்று ஒன்பது தங்கமீன்களைப் புதுத் தொட்டியில் ஒரே நாளில் விட்டிருக்கிறார்கள். முதல் மாதத்திலேயே ஆறு போய்விட்டது. வீட்டுக்கு வரவேண்டிய கெடுதலை மீன் வாங்கிக்கொண்டு போனதாகச் சமாதானம் சொல்லியிருக்கிறார்கள். தாக்குப்பிடித்த மூன்றில் இரண்டு ஒரண்டா, ஒன்று பிளாக் மூர். உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்து நின்றன. பிளாக் மூருக்கு அந்த வீட்டுக் குழந்தை வைத்த பெயர் கருப்பட்டி.

"தொட்டியை வித்தாச்சு சார். மீனையும் ஃபில்டரையும் நீங்க எடுத்துக்கறீங்களா?" என்று அந்தம்மா கேட்டபோது எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். மீனைவிட ஃபில்டர்தான் எனக்கு முக்கியம். இரண்டு வருஷம் ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் கையில் கிடைத்தால் புதுத் தொட்டி அன்றைக்கே பழைய தொட்டிதான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து கதவைத் தட்டினார்கள். கணவர் கையில் பெயின்ட் வாளி, அதில் மூன்று மீன். குழந்தை கையில் தீனி டப்பா. அந்தம்மா கையில் ஒரு பளிச்சென்ற கேரிபேக். அதற்குள் ஸ்பாஞ்ச், கடையில் வாங்கியது போல. "ஒரே அழுக்கு சார், கறுப்பா ஊறிப்போய் இருந்தது. சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சு, பால்கனியில ரெண்டு நாள் காய வெச்சுட்டேன்." முகத்தில் அவ்வளவு நிறைவு. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வேறென்ன சொல்வது? மோந்து பார்த்தால் எலுமிச்சை வாசனை.

அந்தக் கறுப்பில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். மீன் தின்கிற புரதத்தின் கழிவு பெரும்பாலும் செவுள் வழியாகவே அம்மோனியாவாக வெளியேறுகிறது. தங்கமீனுக்கு இரைப்பை என்று தனியாகக் கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகும், கொஞ்ச நேரத்தில் வாலுக்குக் கீழே நூல் மாதிரி தொங்கும், உடனே அடுத்த பிடிக்கு வந்து நிற்கும். சின்ன மீன்களை வைத்துப் பழகியவர்கள் தங்கமீன் போடும் கழிவைப் பார்த்தால் திகைத்துப்போவார்கள். இந்த அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்குகிறது, நைட்ரைட்டை இன்னொரு வகை நைட்ரேட் ஆக்குகிறது. முதல் இரண்டும் விஷம். மூன்றாவது வாராவாரம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் நிற்கும். இந்த இரண்டு கூட்டமும் தொட்டியில் குடியேறி, மீன் போடுவதை அன்றன்றைக்குத் தீர்த்துவிடும் நிலைக்கு வருவதைத்தான் மீன்காரர்கள் 'சைக்கிள் ஆயிடுச்சு' என்கிறார்கள்.

இந்த பாக்டீரியாக்களை 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி ஜூரிச்சில் இருந்தபோது பிரித்தெடுத்துக் காட்டினார். மீன் தொட்டியில் நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றுதான் நான் படித்த பழைய புத்தகங்கள் எல்லாம் சொல்லின. 1998-ல் டிம் ஹொவானெக் குழுவினர் நன்னீர்த் தொட்டிகளைச் சோதித்துவிட்டு, அங்கே அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்றார்கள். 2015-ல் இரண்டு வேலையையும் ஒரே ஆளாகச் செய்யும் நைட்ரோஸ்பைராவும் அகப்பட்டது. பெயர் எதுவானாலும் வளர்க்கிறவனுக்குத் தெரியவேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, இவை மெதுவாகப் பெருகுபவை. பால் திரிய வைக்கும் பாக்டீரியா அரை மணி, ஒரு மணியில் இரட்டிப்பாகிவிடும். இவை இரட்டிப்பாக நல்ல சூழ்நிலையிலேயே ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். அதனால்தான் ஒன்றுமில்லாத தொட்டி தானாகப் பக்குவப்பட நாலிலிருந்து ஆறு வாரம் ஆகிறது. இரண்டாவது, இவை தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல, எதிலாவது ஒட்டிக்கொண்டு வாழ்பவை. பழைய தொட்டியிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினால் போதும் என்று நம்புகிற நண்பர்கள் எனக்கு உண்டு. சுமந்த கைவலிதான் மிச்சம். கொண்டுவரவேண்டியது ஸ்பாஞ்சை. அதுவும் கழுவாத ஸ்பாஞ்சை.

ஆக, கையில் மூன்று பெரிய மீன், ஒரு புதுத் தொட்டி, எலுமிச்சை மணக்கும் ஒரு ஸ்பாஞ்ச். தொட்டி மூன்றடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை. விளிம்புக்குக் கீழே நிறுத்தினால் 170 லிட்டர் பிடிக்கும். மூன்று தங்கமீனுக்கு அது சரியான அளவுதான். ஆனால் அதில் அப்படியே இறக்கினால் மேல் வீட்டில் அந்த ஆறு மீனுக்கு நடந்ததே இந்த மூன்றுக்கும் நடக்கும். மாடிப்படிக்குக் கீழே இருந்த 100 லிட்டர் நீல டிரம்மைக் கழுவி, ஏர் பம்ப் போட்டு மீன்களை அதில் விட்டேன். காலையில் பாதித் தண்ணீர், சாயங்காலம் பாதித் தண்ணீர் மாற்றுவது. மாற்றுகிற தண்ணீரை முதல் நாளே பிடித்து வைப்பது. சாப்பாடு நாளைக்கு ஒரு வேளை, ஒரு சிட்டிகை. தங்கமீனைச் சில நாள் பட்டினி போட்டாலும் ஒன்றும் ஆகாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை.

மறுநாள் காலையில் கொளத்தூருக்கு வண்டியை எடுத்தேன்.

கொளத்தூர் தெருக்களைப் பார்க்காதவர்களுக்கு: கடை வாசல்களில் தண்ணீர் பைகள் சரம் சரமாகத் தொங்கும், ஒவ்வொன்றிலும் மீன். ஆக்சிஜன் சிலிண்டர், ரப்பர் பேண்ட் குவியல், தெர்மகோல் பெட்டிகள், எப்போதும் ஈரமான தரை. இங்கிருந்து வெளியூர்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் பெட்டி பெட்டியாக மீன் போகிறது. வளர்க்கிறவர்கள் பலர் செங்குன்றம் தாண்டி இடம் பிடித்துப் போய்விட்டாலும், கடைகளுக்குப் பின்னால் இன்னும் சிமென்ட் தொட்டிகள் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பழக்கமான ஓர் அண்ணன் அப்படித்தான். எழுபது வயதை நெருங்குகிறவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எந்நேரமும் முழங்கால் வரை தண்ணீரில் நிற்பார்.

"அண்ணே, ஓடின ஸ்பாஞ்ச் ஒண்ணு வேணும்."

"மீன் வாங்க வர்ற ஆளைப் பார்த்திருக்கேன், அழுக்கு வாங்க வர்றது நீ ஒருத்தன்தான் தம்பி" என்றார். ஆனால் அவருக்கு விஷயம் தெரியும். நைட்ரோஸ்பைரா என்ற பெயர் தெரியாது, அது செய்கிற வேலை தெரியும். முதல் கேள்வியே, "வீட்ல போர் தண்ணியா, மெட்ரோவா?" போர் என்றேன். தலையாட்டிக்கொண்டு தொட்டி தொட்டியாகப் பார்த்துக்கொண்டு போனார். முதல் வரிசையில் ஸ்பாஞ்சுகள் நன்றாகத்தான் இருந்தன, அவர் நிற்கவில்லை. "இதுல போன வாரம் மருந்து போட்டேன். மீனு பொழச்சிடுச்சு, ஸ்பாஞ்சு செத்திருக்கும்." கடைசி மூலையில் வயதான தாய்த் தங்கமீன்கள் இருந்த தொட்டியில் கைவிட்டார். "இது மூணு மாசமா மருந்தே பாக்காத தொட்டி. புது மீனும் விடல."

நான் அவரிடம் கேட்க நினைத்திருந்ததும் அதுதான். அடுத்தவர் தொட்டியிலிருந்து ஸ்பாஞ்ச் கொண்டுவந்தால் அவர் தொட்டியில் இருக்கும் வெள்ளைப்புள்ளியும் செவுள் புழுவும் கூடவே வரும். மீன் கடை ஷோ தொட்டியில், தினம் புது மீன் வந்து போகிற இடத்தில், ஸ்பாஞ்ச் கேட்டு வாங்குவது நோயைக் காசு கொடுத்து வாங்குவதுதான். கெஞ்சிக் கேட்டாலும் நான் அங்கே வாங்கமாட்டேன்.

ஸ்பாஞ்சைத் தண்ணீருக்கு வெளியே எடுத்ததும் அதிலிருந்து பழுப்பாக ஒழுகியது. மண்வாசனைதான் அடித்தது, நாற்றமில்லை. நாறினால் உள்ளே காற்றில்லாமல் செத்துப்போனது என்று அர்த்தம். அதை அவர் மீன் பையில் போட்டு, முங்கும் அளவுக்குத் தொட்டித் தண்ணீர் விட்டு, சிலிண்டரைத் திறந்து ஆக்சிஜன் அடித்து, ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றிக் கையில் கொடுத்தார், விலையுயர்ந்த மீனைக் கொடுக்கும் அதே பாவனையில். இன்னொரு சின்ன ஸ்பாஞ்சையும் சேர்த்துப் போட்டிருந்தார். காசு கேட்டதற்கு, "அழுக்குக்கு என்ன காசு, வண்டியில வெயில்ல வெச்சுடாத" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பையைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே மீனைக் காணோம். விளக்கினேன். "சும்மா சொல்லேன்டா, உறைமோர் வாங்கிட்டு வந்திருக்கேன்னு" என்றாள். இதைவிடத் தெளிவாக நானும் யாருக்கும் சொன்னதில்லை. எல்லாம் புரிந்த மாதிரி இருந்தவள் அடுத்த கேள்வியைப் போட்டாள்: "ஆமா, கோயில் குளத்து மீனுக்கெல்லாம் யாரு ஃபில்டர் வெச்சா?" நியாயமான கேள்விதான். தெப்பக்குளத்தில் தண்ணீர் எவ்வளவு, மீன் எவ்வளவு? அடியில் சேறு, படிக்கட்டில் பாசி, தண்ணீரே பச்சை. அந்தச் சேற்றிலும் படிக்கல்லிலும் இதே பாக்டீரியா குடியிருக்கிறது, பாசியும் அம்மோனியாவை இழுத்துக்கொள்கிறது. அப்படியும் நாம் கூடை கூடையாய்ப் பொரி கொட்டுகிற குளங்களில் கோடையில் தண்ணீர் இறங்கியதும் மீன் செத்து மிதப்பதைப் பத்திரிகையில் பார்க்கத்தானே செய்கிறோம். அம்மா பொரி விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

பெரிய ஸ்பாஞ்சை அப்படியே தொட்டியில் ஏர் பம்பில் மாட்டினேன். சின்னதைப் புது ஃபில்டரின் வாயருகே பிடித்து நன்றாகப் பிழிந்தேன். தொட்டி முழுக்கக் காவேரி வெள்ளம் மாதிரி கலங்கி, அரை நாளில் புது ஃபில்டர் அந்தக் கலங்கலை எல்லாம் இழுத்துக்கொண்டு தெளிந்தது. வெள்ளைக் கண்ணாடி தெளிவாக இருந்தால்தான் தொட்டி என்று நினைப்பவர்களுக்கு இந்தக் காட்சி பிடிக்காது.

வந்து சேர்ந்த பாக்டீரியாவுக்குச் சாப்பாடு வேண்டும். மீன் டிரம்மில் இருக்கிறது, தொட்டியில் அம்மோனியா இல்லை. அம்மோனியா வேண்டுமென்றால் வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு எதை எதையோ தேடவேண்டியதில்லை. நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் கேட்டால் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் கரித்துணியில் தொட்டுத் தேய்ப்பார்களே, புகை வருமே, அதுதான். அது அம்மோனியம் குளோரைடு. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு அம்மோனியா. 170 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வேண்டுமென்றால் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே போட்டால் போதும். இந்த ஒரு கிராமை நிறுக்க எங்கள் சமையலறைத் தராசு லாயக்கில்லை. தெருமுனையில் இருக்கும் நகைப் பட்டறைக்குப் போனேன்.

"நவச்சாரமா? நாங்க உருக்கறப்பப் போடறதாச்சே. மீன் தொட்டிக்கு எதுக்கு சார்?"

"மீன் விடறதுக்கு முன்னாடி தொட்டியைச் சோதிக்க."

அவர் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த தராசில் ஊதி, பட்டாணி அளவுத் துண்டுகளை இடுக்கியால் எடுத்து வைத்து, ஒவ்வொன்றும் ஒரு கிராம் சொச்சமாக வரும்படி பல பொட்டலங்கள் மடித்துக் கொடுத்தார். தங்கத்துக்கு இருக்கும் அதே முகச் சுளிப்போடுதான் நிறுத்தார். கடைச்சரக்கில் தூசு தும்பு இருக்கும் என்பதால் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றினேன். அதிகமாகப் போட்டால் சீக்கிரம் ஆகும் என்று சிலர் நினைக்கிறார்கள். அம்மோனியா லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் நைட்ரைட்டைத் தின்னவேண்டிய கூட்டம் முடங்கிப்போக வாய்ப்புண்டு. வேகம் அளவில் இல்லை, விட்டுவிடாமல் போடுவதில் இருக்கிறது.

இதற்கு டெஸ்ட் கிட் இல்லாமல் முடியாது. சொட்டு மருந்து கிட்தான். குச்சியை நனைத்துப் பார்க்கும் பட்டைகளை நான் நம்புவதில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் டைனிங் டேபிளில் குழாய்களை நிறுத்தி, டியூப்லைட்டில் நிறம் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது. அம்மோனியா குழாய் முதலில் நல்ல பச்சை. பிறகு கிளிப்பச்சை. அப்புறம் மஞ்சள் தட்ட ஆரம்பித்தது. நைட்ரைட் குழாய் அதற்கு நேர் எதிர்: வானநீலத்தில் ஆரம்பித்துக் கத்திரிப்பூ நிறத்துக்குப் போனது. எனக்கு நிறம் பார்ப்பதில் அவசர புத்தி. நல்ல நிறமாக இருக்கவேண்டுமென்று நினைத்தால் நல்ல நிறமாகவே தெரியும். அதனால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு மனைவிக்கு. புடவைக் கடையில் நாற்பது ஊதாவைப் பிரித்துப் பார்க்கிற கண்ணை ஏமாற்ற முடியாது. "இன்னும் கத்திரிப்பூதாங்க. நாளைக்குப் பாக்கலாம்" என்று எழுந்து போய்விடுவாள்.

சென்னைக் கோடை இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் விளையாடியது. இந்த பாக்டீரியாக்களுக்கு 25-லிருந்து 30 டிகிரி தண்ணீர் சொர்க்கம். குளிர்நாட்டுக்காரர்கள் ஹீட்டர் போட்டு உண்டாக்குகிற சூட்டை நமக்கு வெயில் இனாமாகத் தருகிறது. தொட்டி வேகமாகப் பழுத்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். ஆனால் தங்கமீன் குளிர்ந்த தண்ணீர் மீன், அதன் பூர்வீகம் சீனா. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்துவைக்கும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்குச் சூட்டில் ஆக்சிஜன் தேவை கூடும், தண்ணீரில் இருப்பு குறையும். டிரம்மைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டினேன். மத்தியான வேளையில் ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை மூடியோடு மிதக்கவிட்டேன். தண்ணீரின் மேல்மட்டத்தில் காற்றுப் படும்படி டேபிள் ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கருப்பட்டி பாட்டிலுக்குக் கீழேயே போய் நின்றுகொள்ளும்.

அம்மோனியாவின் விஷமும் தண்ணீரைப் பொறுத்தது. எங்கள் போர் தண்ணீரின் பி.எச். எட்டுக்குக் குறையாது. அந்த பி.எச்சில், 30 டிகிரியில், மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு மீனைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். பி.எச். ஏழாக இருந்தால் அது ஒரு பங்குகூட இருக்காது. இதைக் கேட்டதும் சிலர் புத்திசாலித்தனமாகக் கேன் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுகிறார்கள். "நாங்க குடிக்கிற தண்ணியைத்தான் மீனுக்கும் ஊத்தறோம்" என்று பெருமை வேறு. அந்தத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அநேகமாக இல்லை. பாக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற, சுண்ணாம்புக் கணக்கில் ஏழு மில்லிகிராம் செலவாகிறது, ஆக்சிஜன் நாலரை மில்லிகிராம் செலவாகிறது. இருப்பில்லாத தண்ணீரில் ஒருநாள் பி.எச். சட்டென்று சரியும். பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். நாம் குளிக்கச் சலித்துக்கொள்ளும் உப்பு போர் தண்ணீர் தங்கமீனுக்கும் அதன் ஃபில்டருக்கும் எவ்வளவோ மேல்.

இடையில் ஒரு நண்பர் பாட்டில் பாக்டீரியா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். 24 மணி நேரத்தில் மீன் விடலாம் என்று லேபிளில் போட்டிருந்தது. உயிருள்ள நைட்ரிஃபையிங் பாக்டீரியாவைப் பாட்டிலில் அடைத்து விற்பது பொய்யில்லை, ஒழுங்காகத் தயாரித்து ஒழுங்காக வைத்திருந்தால் வேலை செய்யும். ஆனால் அந்தப் பாட்டில் எந்தக் கடை அலமாரியில் எத்தனை கோடையைப் பார்த்ததோ. தனியாக ஒரு பக்கெட்டில் நவச்சாரமும் அதுவும் போட்டு, காற்று விட்டு, தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தேன். தொட்டி மஞ்சளாகி முடிந்த பிறகும் பக்கெட் பச்சையாகவே இருந்தது. அந்தக் காசுக்குக் கொளத்தூருக்குப் பல தடவை பெட்ரோல் போடலாம்.

ஒரு வாரம் சொச்சம் ஆனதும், ராத்திரி போட்ட நவச்சாரம் மறுநாள் ராத்திரிக்குள் முழுதும் காலியாக ஆரம்பித்தது. அம்மோனியா மஞ்சள், நைட்ரைட் வானநீலம். நைட்ரேட் குழாய் மட்டும் செங்காவியாகச் சிவந்து, போட்டதெல்லாம் எங்கே போனது என்று காட்டியது. மனைவி இரண்டு குழாய்களையும் வெள்ளைத்தாளில் வைத்துப் பார்த்துவிட்டு, "விட்டுடலாம்" என்றாள். முக்கால்வாசித் தண்ணீரை இறக்கி, சேர்ந்திருந்த நைட்ரேட்டைப் போக்கி, புதுத் தண்ணீர் நிரப்பினேன். ஸ்பாஞ்ச்கள் அந்த நேரம் பூராவும் தொட்டித் தண்ணீர் வாளியில் முங்கியே இருந்தன. சாயங்காலம், சூடு இறங்கியதும், மீன்களை மாற்றினோம். மூன்றும் அடிக்கூழாங்கல்லை வாயில் அள்ளிக் குதப்பித் துப்ப ஆரம்பித்தன. தங்கமீன் அதைச் செய்தால் சௌக்கியமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டொரு நாள் கழித்து நைட்ரைட்டில் லேசாக ஊதா தட்டியது. பயப்படவில்லை. கொளத்தூர் அண்ணன்கள் எந்தச் சீக்குக்கும் முதலில் கைநிறையக் கல் உப்பு வீசுவார்கள், காரணம் கேட்டால் "உப்பு நல்லது" என்பார்கள். இந்த இடத்தில் அது முழுக்கச் சரி. நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்துக்குள் போய் ஹீமோகுளோபினைக் கெடுத்துவிடும். ரத்தம் பழுப்பாகும், தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத்திணறும். உப்பில் உள்ள குளோரைடும் அதே வாசல் வழியாகத்தான் நுழைகிறது. குளோரைடு முண்டியடித்து நின்றால் நைட்ரைட்டுக்கு வழி கிடைக்காது. அயோடின் கலக்காத கல் உப்பு, லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் கரைத்து ஊற்றி, கால்பங்கு தண்ணீர் மாற்றி, ஒரு வேளைத் தீனியையும் நிறுத்தினேன். அடுத்த சோதனையில் வானநீலம்.

நாக்பூரிலிருந்து வீடியோ காலில் குழந்தை கருப்பட்டியைக் காட்டச் சொன்னாள். அவள் அம்மா தொட்டியைப் பார்த்துவிட்டு, "சார், அந்த ஓரத்துல ஒரு ஸ்பாஞ்ச் ரொம்பக் கறுப்பா இருக்கே" என்றார். "அது அப்படியே இருக்கட்டும்மா" என்றேன். புது ஊரில் மறுபடி தொட்டி வைத்தால் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். அங்கே மீன் வளர்க்கிற யாரையாவது முதலில் சிநேகம் பிடியுங்கள், தொட்டியை அப்புறம் வாங்கலாம் என்று சொன்னேன்.

இப்போது அந்தத் தொட்டியில் எப்போதும் ஒரு ஸ்பாஞ்ச் கூடுதலாக ஓடுகிறது, கேட்பவர்களுக்குக் கொடுப்பதற்காகவே. மாதம் ஒரு முறை, இறக்கிய தொட்டித் தண்ணீரிலேயே அதை இரண்டு பிழி பிழிந்து திரும்ப வைப்பேன். குழாயடிக்கு அது போனதே இல்லை. பெரம்பூர் பக்கம் தங்கமீன் வைக்கப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் வாருங்கள், பாதி வெட்டித் தருகிறேன். மூடி போட்ட வாளி ஒன்று கொண்டுவாருங்கள், வழியில் எங்கேயும் டீ குடிக்க நிற்காமல் நேரே வீட்டுக்குப் போங்கள். தயவுசெய்து அதைக் கழுவாதீர்கள்.